பொன்னுமணி எழுதாத பெயர்

ஏழாம் மாதம் வளையல் போட்டதும் தாய் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று பொன்னுமணி சொன்னபோது, முதலாளி ஜக்கையன் எழுந்து வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்துதான் வாயைத் திறந்தார்.

“போ ஆத்தா. பிள்ளை பெறப் போறவளை எவன் மறிப்பான்? ஆனா இந்த மிசினு இருக்கே, இது உன் கையைத் தவிர வேற கைக்குப் பணியாதே.”

“மாசியில திரும்பி வந்து உக்காந்துக்கிறேன் முதலாளி.”

“வா. வரும்போது நாற்காலி காலியா இருந்தா உக்காரு. அதுவரைக்கும் எங்க அக்கா மகன் பாக்கட்டும். ஆனா ஒண்ணு சொல்லிப்பிடுறேன். நீ இல்லாத நேரத்துல ஏலம் நின்னு போச்சுன்னு வையி, மிசினை லாரியில ஏத்தி மதராசுக்கே அனுப்பிருவேன். பழையபடி மொக்கையன் கையால எழுதட்டும்.”

மூலையில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா மொக்கையன் நிமிரவில்லை. ஆனால் அவருடைய பேனா நின்றுவிட்டது.

இரண்டு பக்கமும் முள் வைத்து அடைத்த பாதை அது. ஏலம் நின்றால் மிசினோடு நாற்காலியும் போய்விடும். ஏலம் ஒழுங்காக நடந்தால், நடத்திக் காட்டிய அக்கா மகனை எழுப்பிவிட்டு அவளை உட்கார வைக்க முதலாளிக்கு என்ன தலையெழுத்து? பொன்னுமணிக்குப் பிள்ளையும் வேண்டும், அந்த நாற்காலியும் வேண்டும். 1988ஆம் வருஷம், ஆடி மாதம். வயலுக்கும் மலைக்கும் கூலிக்குப் போன பெண்கள் இரண்டையும் யாரையும் கேட்காமல் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தவள் மட்டும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

பொன்னுமணி தேவாரத்துக்காரி. அப்பாவுக்கு மலையடியில் கொஞ்சம் நிலம். யானை தின்றது போக மிச்சம்தான் வீட்டுக்கு வரும். மதுரையில் கணிதம் படித்து, அங்கேயே கம்ப்யூட்டர் டிப்ளமோவும் முடித்தவளைப் போடியில் இருந்த அத்தை மகன் அமாவாசைக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அமாவாசைக்குப் படிப்பு குறைவு, ஜீப்பு சொந்தம். விடியுமுன் தோட்டத்து வேலையாட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக் கொண்டைஊசி வளைவுகளில் ஏறினான் என்றால் இருட்டும்போதுதான் இறங்குவான். மாமனார் சின்னச்சாமி மலையில் சிறிதளவு ஏலக்காய் போட்டிருந்தார். ஜக்கையனின் ஏலக்கொட்டகையில்தான் அவர் காய் விலைபோகும். “எங்க வீட்டுக்கு வந்த மருமக கம்ப்யூட்டரு படிச்சிருக்கு” என்று அவர் பெருமையாகச் சொன்னது முதலாளி காதில் விழுந்தது. அப்போதுதான் மதராஸ் வியாபாரி ஒருவன் பேச்சில் மயங்கி, யுனிக்ஸ் ஓடும் ஒரு பெட்டியையும் இரண்டு திரைகளையும் வாங்கிப் போட்டுவிட்டு, அதை என்ன செய்வது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார் முதலாளி.

பொன்னுமணி வந்தாள். சி மொழியில் புரோகிராம் எழுதினாள். ஏலத்துக்கு வரும் மூட்டைகளை லாட்டு லாட்டாகப் பிரித்து, எது முன்னால், எது பின்னால் என்று வரிசைப்படுத்தி, ஏலத்தன்று காலையில் வியாபாரிகள் கையில் கொடுக்கும் பட்டியலை மிசின் அச்சடித்துத் தந்தது. கேட்கச் சின்ன வேலைதான். ஆனால் போடித் தோட்டக்காரர்களில் வில்லங்கம் இல்லாதவர் எவர்? ஒருவருக்குத் தன் லாட்டை முதலில் கூறக் கூடாது, முதல் லாட்டு ராசியில்லை. இன்னொருவருக்கு மச்சான் லாட்டுக்குப் பக்கத்தில் தன் லாட்டு வரக் கூடாது, இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சோணை என்று ஒருவர், ஒரு தரம் மகள் பெயரிலும் மறு தரம் மருமகன் பெயரிலும் காய் அனுப்புவார். விற்ற பணத்துக்கான சீட்டு மட்டும் தன் பெயரில்தான் வர வேண்டும் என்பார்.

ஒவ்வொரு வில்லங்கத்துக்கும் பொன்னுமணி ஒரு துண்டுப் புரோகிராம் எழுதிச் சேர்த்தாள். சோணைக்கு எழுதிய துண்டுக்குச் சோணை என்றே பெயர். பேச்சிமுத்துக்கு எழுதியதற்குப் பேச்சிமுத்து. எழுத இடம் போதாதபோது புது ஃபைல் திறந்தாள். இப்படியே வளர்ந்து வளர்ந்து, எந்தத் துண்டு எந்த ஃபைலில் இருக்கிறது என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும் என்று ஆகிவிட்டது. அதில் அவளுக்கு உள்ளூர ஒரு தெம்பும் இருந்தது.

அக்கா மகன் காமராஜ் ஆடி நடுவில் வந்து சேர்ந்தான். பி.காம். முடித்து, மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனவன். வாய்த்துடுக்கு உண்டு, தலைக்கனம் இல்லை. இரண்டாவது திரையின் முன்னால் உட்கார்ந்து, வி.ஐ. என்ற எடிட்டரில் ஃபைலைத் திறந்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனான்.

“அக்கா, சோணை எங்கதான் இருக்காரு?”

“மூணாவது ஃபைல்ல பாரு தம்பி. நடுவுல வரும்.”

“நடுவுலன்னா?”

“கோயில் லாட்டுக்குக் கீழ.”

“கோயில் லாட்டு எங்க இருக்கு?”

“அது… சோணைக்கு மேல.”

காமராஜ் நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்தான். “அக்கா, எங்க ஆத்தா இப்படித்தான் வழி சொல்லும். முத்தையா கடைக்கு எதுத்தாப்புல தபாலாபீசு, தபாலாபீசுக்கு எதுத்தாப்புல முத்தையா கடை.”

பொன்னுமணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகு கவலை வந்தது. இவன் இப்படித் தள்ளித் தள்ளித் தேடினால் முதல் ஏலத்திலேயே லாரி வந்துவிடும்.

மிசினோடு வந்த தடித்த இங்கிலீஷ் புத்தகங்கள் அலமாரியில் கிடந்தன. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவற்றை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தாள். வி.ஐ. பற்றிய பகுதியில் ஓர் ஓரத்தில் அது இருந்தது. சிடேக்ஸ் என்று ஒரு கட்டளை. புரோகிராம் ஃபைல்களை எல்லாம் அதனிடம் கொடுத்தால், எந்தத் துண்டு எந்த ஃபைலில் இருக்கிறது என்று அகர வரிசையில் ஒரு விலாச ஃபைல் செய்து வைக்கும். அதற்குப் பிறகு எடிட்டரில் ஒரு துண்டின் பெயரைச் சொன்னால், அது எந்த ஃபைலில் இருந்தாலும் நேராக அங்கே கொண்டுபோய் நிறுத்தும். பொன்னுமணிக்குப் பிடித்துப்போன விஷயம் ஒன்று அதில் இருந்தது. துண்டு இத்தனையாவது வரியில் இருக்கிறது என்று அது எண் போட்டு வைப்பதில்லை. துண்டு தொடங்குகிற வரியையே அப்படியே எழுதி வைத்துக்கொண்டு, அந்த வரியைத் தேடிப் போகிறது. மேலே நாலு வரி கூடினாலும் குறைந்தாலும் இடம் தப்பாது.

கட்டளையைக் கொடுத்தாள். விலாச ஃபைல் உண்டானது. தன் திரையில் செய்து பார்த்தாள், சொன்ன இடத்துக்குப் போனது. காமராஜின் திரையில் செய்யச் சொன்னாள். அப்படி ஒரு ஃபைலே இல்லை என்றது.

“என்னைய மட்டும் பிடிக்கலையோ என்னமோ” என்றான் காமராஜ்.

காரணம் கண்டுபிடிக்க ஒரு பொழுது ஆயிற்று. அவள் தன் இடத்தில் இருந்துகொண்டு தேடினாள், விலாச ஃபைலும் அங்கேயே இருந்தது. காமராஜ் தன் பெயரில் நுழைந்ததால், மிசின் அவனுக்கென்று ஒதுக்கிய வேறு இடத்தில் இருந்தான். எடிட்டர் அவன் காலடியில் மட்டும் தேடிவிட்டுக் கையை விரித்தது. விலாச ஃபைல் இருக்கும் இடத்தை, வேரில் தொடங்கி முழுப் பாதையாக, எடிட்டர் திறக்கும்போதெல்லாம் படிக்கிற அமைப்பு ஃபைலில் எழுதி வைத்தாள். புரோகிராமைத் திருத்திப் புதிதாகக் கட்டும்போதெல்லாம் விலாச ஃபைலும் தானாகவே புதிதாகும்படி செய்தாள். துண்டின் பெயராக இல்லாத சொற்களுக்கு என்ன செய்வது? அதற்கு ‘தேடு’ என்று சின்னதாக ஒரு கட்டளை எழுதினாள். ஒரு சொல்லைக் கொடுத்தால் எல்லாப் புரோகிராம் ஃபைல்களையும் அலசி, அது வருகிற ஒவ்வொரு வரியையும் ஃபைல் பெயரோடு திரையில் போடும்.

“இப்பச் சோணை பேரு மேல கர்சரை வை. கன்ட்ரோலைப் பிடிச்சுக்கிட்டு அந்தச் சதுர அடைப்புக்குறியைத் தட்டு. இடது இல்ல, வலது.”

காமராஜ் தட்டினான். திரை ஒரு தரம் கண்ணிமைத்தது. சோணை வந்து நின்றார்.

“ஏயப்பா! அமாவாசை அண்ணன் கூட இம்புட்டு வெரசாப் போடிமெட்டு ஏற மாட்டாரு.”

“ஏறுனாப் போதுமா? இறங்கத் தெரிய வேணாமா?” என்று, இருந்த ஃபைலுக்குத் திரும்பி வரும் விசையையும் காட்டினாள்.

சத்தம் கேட்டு ஜக்கையன் வந்து பின்னால் நின்றார். “என்னடா, விளையாட்டா?”

“மாமா, யாராவது ஒரு தோட்டக்காரர் பேரைச் சொல்லுங்க.”

“பேச்சிமுத்து.”

பேச்சிமுத்து வந்தார். ஜக்கையன் இன்னும் இரண்டு பெயர் சொன்னார், அவர்களும் வந்தார்கள். முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப பொன்னுமணி தலைக்குள்ள இருந்ததெல்லாம் பெட்டிக்குள்ள வந்துருச்சுன்னு சொல்லு!”

அந்தச் சொல் பொன்னுமணிக்கு நல்லதாகவும் கேட்டது, பொல்லாததாகவும் கேட்டது.

ஆவணியில் வளையல் அடுக்கி, ஐந்து வகைச் சோறு ஆக்கிப் போட்டு, அவளைத் தேவாரத்துக்கு அழைத்துப் போனார்கள். அமாவாசை நேரம் கிடைத்தபோதெல்லாம் வந்து பார்த்தான். வந்தால் பிள்ளையைப் பற்றி அவன் கேட்பான், மிசினைப் பற்றி அவள் கேட்பாள்.

“உன் தம்பி பொளந்து கட்டுறான் பிள்ளை. முதலாளி தோள்ல கையைப் போட்டுக்கிட்டு நடக்குறாரு.”

“நல்லதுதான்” என்றாள் பொன்னுமணி. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஐப்பசி பிறந்து மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், ஜீப்பு வந்து வாசலில் நின்றது. அமாவாசையோடு காமராஜும் இறங்கினான். அவளுக்கு நிறைமாதம். சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தவள் எழுந்திருக்கப் பார்த்தாள்.

“இருங்கக்கா, இருங்க. எந்திரிக்காதீங்க. ஒரே ஒரு கேள்விதான். சின்னச்சாமிய எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?”

பொன்னுமணி சட்டென்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அமாவாசை முகத்தைத் திருப்பிக்கொண்டான், தோள் மட்டும் குலுங்கியது.

“யாரு… எவுகளை?” என்றாள்.

“கீழத்தெருச் சின்னச்சாமி அக்கா. தம்பியும் அவரும் தோட்டத்தைப் பாகம் பிரிச்சாகள்ல. இனிமே வர்ற காயை ரெண்டு லாட்டாப் பிரிச்சு, தனித்தனிச் சீட்டு வரணும்னு தம்பிக்காரர் வந்து சொன்னாரு. சரி, ஏற்கெனவே இவருக்கு ஏதாச்சும் எழுதிருக்கான்னு பாப்போம்னு எடிட்டர்ல சின்னச்சாமின்னு கேட்டேன். அப்படி ஒரு துண்டே இல்லைன்னுருச்சு. உங்க ‘தேடு’ இருக்குல்ல, அதுலயும் போட்டேன். எல்லா ஃபைலையும் அலசிட்டு ஒரு வரி கூடக் காட்டல. சரி, நாமளே எழுதுவோம்னு ரெண்டாப் பிரிச்சு எழுதிட்டேன். சத்தியமா ரெண்டாத்தான் பிரிச்சேன். பட்டியல்ல நாலா வந்துருச்சு.”

பொன்னுமணி கண்ணை மூடித் திறந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அண்ணன்காரர் ஆடியிலேயே அவளிடம் வந்து இதையே சொல்லிப் போயிருந்தார். ஐப்பசி முதல் வரும் காய் இரண்டாகப் பிரியும்படி அப்போதே எழுதி வைத்துவிட்டாள். அவள் பிரித்த இரண்டையும் காமராஜின் துண்டு மறுபடி இரண்டு இரண்டாகப் பிரித்திருக்கிறது.

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? சாம்பிள் தட்டு ரெண்டுதான் இருக்கு, பட்டியல்ல நாலு லாட்டு. ஏலம் கூறுறவரு மூணாவதைக் கூறிட்டாரு. ஒரு வியாபாரி எந்திரிச்சு, ‘அந்தக் காயில்லாத லாட்டு எனக்குத்தான், காத்தைக் கட்டிக் கொடுங்க’ன்னான். கொட்டகையே சிரிக்குது. அண்ணன் தம்பி ரெண்டு பேரும், ஆளுக்கு ரெண்டு லாட்டுன்னா என் பங்கு மூட்டை எங்கன்னு மேடையில ஏறிட்டாக. ஏலம் நின்னு போச்சு.”

“லாரிக்குச் சொல்லி விட்டாரா முதலாளி?”

“சொல்லத்தான் போனாரு. காலைப் பிடிக்காத குறையா நான் கெஞ்சுனேன். அடுத்த ஏலம் ஒழுங்கா நடந்தா மிசினு இருக்கும். இல்லைன்னா அன்னைக்கே லாரிதான். மொக்கையன் இப்பவே பேனாவுக்கு மை ஊத்தி வச்சுட்டாரு.”

பொன்னுமணியின் அம்மா ஒச்சம்மாள் மோர்ச் செம்போடு வந்தவள், பாதிப் பேச்சைக் கேட்டுக்கொண்டே நின்றாள். “ஏப்பா, நீ அந்தப் பேரைச் சொல்லித் தேடுனா எப்படிக் கிடைக்கும்? அது இவ மாமனார் பேருல்ல?”

காமராஜுக்கு விளங்கவில்லை. “இருக்கட்டும். மாமனார் பேரை வாயால சொல்ல மாட்டாக, சரி. எங்க அத்தையும் சொல்லாது. மிசின்ல எழுதுறதுக்கு என்ன வந்துச்சு?”

“எனக்கு வாய்க்குள்ள சொல்லிக்கிட்டேதான் எழுத வரும் தம்பி” என்றாள் பொன்னுமணி, தரையைப் பார்த்தபடி. “சொல்லாம கை ஓடாது. பட்டியல்ல அச்சாகுற பேரெல்லாம் மொக்கையண்ணன் தட்டினது. புரோகிராமுக்குள்ள நான் வேற பேரு வச்சுக்கிட்டேன்.”

“என்ன பேரு?”

“புளியமரம்.”

“என்னது?”

“அவுக வீட்டு வாசல்ல புளியமரம் நிக்குதுல்ல.”

காமராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவளுடைய புரோகிராமில் சோணை இருந்தார், பேச்சிமுத்து இருந்தார். போடித் தெருக்களில் கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்க்கிற அந்தப் பெயரில் மட்டும் ஒருவரும் இல்லை. அதை யோசிக்க அந்த ஆபீசில் ஆள் இல்லை. இருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். பாத்திரம் கழுவ வந்த ஆயம்மாளைக் கேட்டிருந்தால் அரை நொடியில் சொல்லியிருப்பாள்.

“அப்ப மத்தச் சின்னச்சாமிக?” என்றான்.

பொன்னுமணி பதில் சொல்வதற்குள் ஒச்சம்மாள் அவள் கையைப் பிடித்து எழுப்பி, “கொஞ்சம் உள்ள வா” என்று அடுப்படிக்குக் கூட்டிப் போனாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. புளியமரத்தைச் சொல்லிட்டேல்ல, போதும். மத்ததையும் சொல்லிட்டா நாளைக்கு உன்னை எதுக்குடி தேடுவாக? வம்பு வந்தா இங்கதானே வந்தாகணும்? வரட்டுமே.”

அம்மா சொன்னது பொன்னுமணிக்குத் தோன்றாதது இல்லை. காமராஜ் அந்தக் கேள்வியைக் கேட்ட உடனேயே தோன்றிவிட்டது. அவள் வைத்த பெயர்கள் அவள் வாயைவிட்டு வெளியே வராத வரைக்கும், அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அது அவளுடையதுதான். ஆனால் அடுத்த ஏலத்தில் இன்னொரு சின்னச்சாமி கிளம்பினால்? லாரி வந்து நின்ற பிறகு நாற்காலியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தவிர, தேடினால் எல்லாம் கிடைக்கும் என்று இவனிடம் சொல்லிவிட்டு வந்தவள் அவள்தான். பாதிதான் கிடைக்கும் என்று சொல்லவில்லை.

“விடும்மா” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

“தம்பி, நல்லாக் கேட்டுக்க. ராசிங்காபுரத்துக்காரர் ரெட்டைக்கதவு. கோயில் தெருக்காரர் கிணத்தடி. மேலமெட்டுல தோட்டம் வச்சிருக்கவரு பல்லுக்கட்டு.”

“பல்லுக்கட்டா?”

“பல்லுக் கட்டிருக்காருல்ல?”

“ஐயோ அக்கா!” காமராஜ் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். பொன்னுமணி சிரிக்காமல் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போனாள். அமாவாசை கடைசியில் தொண்டையைச் செருமினான்.

“எங்க அப்பாவை என்னன்னு வச்சிருக்க?”

“…ஜீப்பு.”

“எங்க அப்பா ஜீப்பாடி? அந்த மனுசனுக்கு ஹாரன் அடிக்கக் கூடத் தெரியாது!”

“வீட்டு வாசல்ல வேற என்ன நிக்குது? நீங்கதான் நிறுத்துறீக” என்றாள். ஒச்சம்மாள் கூட அடுப்படியில் சிரிக்கும் சத்தம் கேட்டது.

ஜீப்பில் ஒரு எட்டு வந்து மாற்றிக் கொடுத்துவிட்டால் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுகிறோம் என்றான் காமராஜ். அதற்கு ஒச்சம்மாள் விடவில்லை. வளையல் போட்டுத் தாய் வீடு வந்தவள் பிள்ளை பெறாமல் புகுந்த ஊர் எல்லையை மிதிக்கக் கூடாது. ஆக, வாயால்தான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது.

“எல்லாத்துக்கும் அந்தப் பேரையே வச்சிறாதே. ஒரே பேருல ரெண்டு துண்டு இருந்தா முதல்ல இருக்கதை மட்டும்தான் விலாச ஃபைல் எடுத்துக்கும், அடுத்ததை விட்டுரும். முன்னால அந்தப் பேரு, பின்னால நான் வச்ச பேரு, ரெண்டையும் ஒட்டி எழுது. அப்புறம் மொத்தமா மாத்துற கட்டளையைக் கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுறாதே. ஜீப்புன்னு வர்றதெல்லாம் எங்க மாமா இல்ல. மூட்டை ஏத்துற வாடகை ஜீப்பும் அதுல இருக்கு. ‘தேடு’ போட்டு, வர்ற வரியை ஒவ்வொண்ணாப் பாத்து மாத்து. நீ எழுதின பிரிக்கிற துண்டைத் தூக்கிரு. எல்லாம் முடிஞ்சதும் புதுசாக் கட்டு.”

திரும்பிப் போகும்போது ஜீப்பில் அமாவாசையும் காமராஜும் மாறி மாறி, பஸ்சு கண்டக்டர் ஊர்ப் பெயர் கூவுவது போல, புளியமரம், ரெட்டைக்கதவு, கிணத்தடி, பல்லுக்கட்டு என்று சொல்லிக்கொண்டே போனார்களாம். அடுத்த ஏலம் சத்தமில்லாமல் நடந்தது. அதற்கு அடுத்ததும் நடந்தது. ஐப்பசி கடைசியில் பொன்னுமணிக்குப் பெண் பிறந்தது.

மாசியில் போடிக்குத் திரும்பினாள். பிள்ளையை மாமியார் மாயக்காளிடம் விட்டுவிட்டு ஆபீசுக்குப் போனபோது, நாற்காலியில் காமராஜ் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான். ஜக்கையன் கையைக் காட்டி அவனை உட்காரச் சொன்னார்.

“நல்லா இருக்கியா ஆத்தா? பிள்ளை சவுக்கியமா?”

“இருக்கா முதலாளி. நான் வேலைக்கு வந்துட்டேன்.”

“வந்துட்ட, சரிதான். ஆனா ரெண்டு பேருக்கு இங்க சோலி இல்லையே.” அவர் குரலில் கடுமை இல்லை. “எல்லாத்தையும் நீயே தேடுனாக் கிடைக்குற மாதிரி பண்ணிக் கொடுத்துட்ட. பய நல்லாப் பாத்துக்கிறான். எழுப்பி விடு, எழுப்பி விடுன்னு உன் வீட்டுக்காரரு வேற வந்து நிக்குறாரு. என்ன காரணம் சொல்லி எழுப்புறது?”

அமாவாசை வந்து கேட்டது அவளுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அது நினைவில் நிற்கவும் இல்லை.

“மாமா, அந்த வண்டன்மேட்டு விஷயம் என்னாச்சு?” என்றான் காமராஜ்.

எல்லைக்கு அந்தப் பக்கம், வண்டன்மேட்டில் ஒரு கிளை போட வேண்டும் என்று ஜக்கையனுக்கு நெடுநாள் ஆசை. மலையாளத்துத் தோட்டக்காரர்கள் சிலர் ஏற்கெனவே இங்கே காய் அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள். ஆனால் அங்கேயும் ஒரு மிசின் வைத்து, அதற்கும் ஒரு பொன்னுமணியை எங்கே போய்ப் பிடிப்பது என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

“அதுக்கு என்ன இப்ப?”

“இதே புரோகிராமை அப்படியே எடுத்துட்டுப் போய் அங்க போட்டுறலாம் மாமா. எனக்கே ரெண்டு மாசத்துல வழி பிடிபட்டுச்சுன்னா, அங்க எவனாச்சும் ஒருத்தன் கத்துக்கிற மாட்டானா?”

“அங்க யாரு போய் உக்காருவா?”

“அக்காவை அனுப்புங்க.”

“பச்சை உடம்புக்காரியை அட்டைக் கடிக்கு அனுப்பச் சொல்றியே, உனக்கு வெக்கமா இல்ல? நீ போடா. கல்யாணமா காட்சியா உனக்கு?”

“சரி மாமா” என்றான் காமராஜ் உடனே. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான் என்று பிற்பாடு எல்லாரும் சொன்னார்கள். பொன்னுமணிக்கு மட்டும் அதில் ஒரு சந்தேகம் உண்டு. அவன் அன்று அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஜக்கையன் அவள் பக்கம் திரும்பினார். “அப்படின்னாலும், இப்ப இருக்கது பாதி இவன் எழுதினது. இவன் எழுதினதுல உனக்கு வழி தெரியுமா? நாளைக்கு ஏலம். பட்டியலை இன்னைக்கே நீ எடுத்துக் காட்டு. வந்துச்சுன்னா நாற்காலி உனக்கு. பய வாயைத் திறக்கக் கூடாது.”

பொன்னுமணி உட்கார்ந்தாள். நாற்காலி உயரம் மாறியிருந்தது. புரோகிராமைத் திறந்தாள். தன்னுடைய ஃபைல்தான், ஆனால் வேறு யாரோ குடியிருந்த வீடு போல இருந்தது. குரியன் என்று ஒரு பெயர், வர்கீஸ் என்று ஒரு பெயர். யார் இவர்கள், எங்கே இருக்கிறார்கள், இவர்களுடைய வில்லங்கம் என்ன? இதுவரை அவள் அடுத்தவர் எழுதிய புரோகிராமைப் படித்ததே இல்லை. எல்லாம் அவள் தலைக்குள்தான் இருந்தது, தேட வேண்டிய தேவையே வந்ததில்லை.

குரியன் மேல் கர்சரை வைத்து விசையைத் தட்டினாள். அவள் திறந்தே பார்க்காத ஒரு புது ஃபைலுக்குப் போய் நின்றது. மெல்லப் படித்தாள். ஞாயிற்றுக்கிழமை இறக்கிய மூட்டை அடுத்த ஏலத்துக்குத்தான் போக வேண்டுமாம். சரி. திரும்பி வந்தாள். வர்கீசுக்குப் போனாள், திரும்பி வந்தாள். கொஞ்சம் கீழே அந்தப் பெயர் வரிசையாக நின்றது, பின்னால் புளியமரமும் ரெட்டைக்கதவும் ஒட்டிக்கொண்டு. அதை அவள் தட்டெழுத வேண்டியிருக்கவில்லை. மேலே கர்சரை வைத்தால் போதும், மிசின் கூட்டிக்கொண்டு போயிற்று. வாய்க்குள்ளும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பட்டியலை எடுத்து, வந்த மூட்டைகளின் கணக்கோடு ஒத்துப் பார்த்தாள். கடைசியில் ஒரு லாட்டு விட்டுப் போயிருந்தது. வர்கீசின் இரண்டாவது தோட்டம். காமராஜ் வாயைத் திறக்கப் போய், மாமாவைப் பார்த்து மூடிக்கொண்டான். அவள் வர்கீஸ் பெயரைக் கொடுத்துத் ‘தேடு’ போட்டாள். திரையில் வரிகள் ஓடின. ஒன்றில், பழைய தோட்டத்து அடையாளம் இன்னும் மாற்றப்படாமல் இருந்தது. மாற்றினாள். புதிதாகக் கட்டினாள். மறுபடி அச்சடித்தாள்.

பிரிண்டர் கரகரவென்று இழுத்து முடிக்கும் வரை ஜக்கையன் பக்கத்திலேயே நின்றார். தாளைக் கிழித்து மொக்கையனிடம் கொடுத்தார். மொக்கையன் பட்டியலில் விரலை வைத்துக்கொண்டு வந்து, வாசலில் அடுக்கியிருந்த மூட்டைகளில் கட்டிய அட்டைகளோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்துவிட்டு, சம்மதம் போலவும் சலிப்பு போலவும் தலையை ஆட்டினார்.

“சரியா இருக்கா?”

“இருக்கு முதலாளி. ஒண்ணும் விட்டுப் போகல.”

பொன்னுமணிக்கு ரவிக்கை நனைந்திருந்தது. பால் கொடுக்க நேரம் தாண்டிவிட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள்.

“நான் போயிட்டு வர்றேன் முதலாளி. பிள்ளை அழுதுக்கிட்டு இருக்கும்.”

“போ ஆத்தா” என்றார் ஜக்கையன். அவள் வாசல்படி இறங்கிய பிறகு, உள்ளிருந்து குரல் கொடுத்தார். “நாளைக்கு வெரசா வந்துரு. ஏல நாளு.”